தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா? மிச்சமாகும் ஓர் ஆண்டின் கணக்கு

செம்பவாங் பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஏறி ஒரு திசையில் இரண்டு நிறுத்தம் போனால் யீஷூன். அங்கே யீஷூன் இன்னோவா தொடக்கக் கல்லூரி இருக்கிறது. எதிர்த்திசையில் இரண்டு நிறுத்தம் போனால் உட்லண்ட்ஸ். அங்கே ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயதில் வரும் பெரிய கேள்வி, இந்த இரண்டு திசைகளில் எது என்பதுதான். தூரம் இருபுறமும் ஒன்றாக இருப்பதால் அதைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

நான் உட்லண்ட்ஸ் பக்கம் போனவன். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, பிறகு தேசிய சேவை, இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல். என் தங்கையோ 2026இல் ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வு எழுதும் வகுப்பைச் சேர்ந்தவள். ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்: "அண்ணே, பாலி போனா யூனிவர்சிட்டில ஒரு வருஷம் குறையுமாமே, உண்மையா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "ஒரு வருஷத்துக்காக யாராச்சும் ஜேசிய விடுவாங்களா?" இருவருமே பாதி சரி, பாதி தவறு. அந்த இரவு நான் சரியாக விளக்கத் தவறியதை இந்த மலரின் பக்கங்களில் விளக்க முயல்கிறேன். தம்பி தங்கைகள் உள்ள பேரவை உறுப்பினர்கள் பலருக்கும் இது பயன்படலாம்.

முதலில் 'குறையும்' என்று சொல்லப்படுவது எது என்று பார்ப்போம். பல்கலைக்கழகப் பட்டம் என்பது இத்தனை ஆண்டு உட்கார்ந்திருப்பதற்காகக் கொடுக்கப்படுவது அன்று. இத்தனை பாட அலகுகளைச் சேர்த்ததற்காகக் கொடுக்கப்படுவது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத்திற்கு 160 அலகுகள் வேண்டும். ஒரு பாடத்திற்கு வழக்கமாக 4 அலகுகள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குப் பத்துப் பாடங்கள். பல்கலைக்கழகத்திற்கு வருமுன்னரே ஒருவர் அவற்றில் சிலவற்றுக்கு ஈடான பாடங்களைப் படித்திருந்தால், அந்த அலகுகளைப் பல்கலைக்கழகம் அவர் கணக்கில் வரவு வைக்கிறது. இதைத்தான் நாம் 'எக்ஸெம்ப்ஷன்' என்கிறோம். பாட விலக்கு என்று சொல்லலாம்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் பெரிய அளவில் வேரூன்றியது. அங்கே 1955இல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 'ஏபி' என்னும் திட்டத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பாடம் படித்து, 1 முதல் 5 வரை புள்ளியிடப்படும் தேர்வில் நல்ல புள்ளி எடுத்தால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்திலிருந்து விலக்களிக்கும். நம் முறை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலேயே மூன்று நான்கு பாடங்களை ஆழமாகப் படித்துவிடுவதால்தான் இங்கிலாந்தில் பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்றே ஆண்டுகளில் முடிகிறது. நாம் பிரிட்டிஷ் பாணித் தேர்வையும் நான்காண்டுப் பட்டத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம். தொடக்கக் கல்லூரி மாணவர் எச்2 நிலையில் கணிதமும் இயற்பியலும் எவ்வளவு ஆழமாகப் படித்தாலும், உள்ளூரில் அது பல்கலைக்கழகத்திற்குள் நுழைய உதவும் தகுதியாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. பட்டத்தின் நீளத்தை அது குறைப்பதில்லை. அதே எச்2 தேர்ச்சியைக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முதலாண்டுப் பாடங்களுக்கு வரவு பெறலாம் என்பது வேடிக்கைதான்.

எச்3 என்று ஒரு நிலையும் உண்டு. எச்1, எச்2, எச்3 என்னும் பாகுபாடு 2006இல் வந்தது. எச்3 பாடங்களில் சில பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தப்படுபவை. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆட்டக் கோட்பாட்டுப் பாடம் அப்படிப்பட்டது. ஏபிக்கு நம்மிடையே மிக நெருங்கிய உறவு என்று இதைச் சொல்லலாம். ஆனால் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் எச்3 சேராது. ஆர்வத்திற்காகப் படிப்பவர்கள் படிக்கட்டும். கணக்குப் போட்டுப் படிப்பவர்களுக்கு அது ஏமாற்றமே தரும்.

உள்ளூரில் பாட விலக்கு அதிகம் கிடைப்பது பட்டயம் பெற்று வருபவர்களுக்குத்தான். எவ்வளவு என்பது பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம், துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். துறை பொருந்தி வந்து, பட்டயத்தில் புள்ளியும் நன்றாக இருந்தால் ஓரிரு பாடம் முதல் ஏறத்தாழ ஓராண்டு வரை கிடைக்கலாம். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் இதில் இன்னும் தாராளம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்றுகூடக் கழிப்பார்கள்.

இப்போது என் தங்கையின் கேள்விக்கு வருவோம். ஓராண்டு உண்மையிலேயே குறைகிறதா? பெண் பிள்ளையாக இருப்பதால் தேசிய சேவையை விட்டுவிடலாம். பதினாறு வயதில் உயர்நிலை நான்கு முடிகிறது. தொடக்கக் கல்லூரியில் பதினேழும் பதினெட்டும் கழிந்து, பத்தொன்பது வயதாகும் ஆண்டின் ஆகஸ்டில் பல்கலைக்கழகம். நான்கு ஆண்டு படித்து இருபத்துமூன்றில் பட்டம். பலதுறைத் தொழிற்கல்லூரி ஏப்ரலில் தொடங்கி மூன்றாண்டு. இருபது வயதாகும் ஆண்டின் ஆகஸ்டில் பல்கலைக்கழகம். முழு ஓராண்டு விலக்குக் கிடைத்தால் மூன்றாண்டு படித்து, அதே இருபத்துமூன்றில் பட்டம். ஆக, முழு விலக்குக் கிடைத்தாலும் இரண்டு பாதையும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. பாதி விலக்குக் கிடைத்தால் அரையாண்டு பின்தங்கல். விலக்கே இல்லாவிட்டால் ஓராண்டு பின்தங்கல். முன்பே செலவழித்த ஓராண்டைத்தான் திரும்பப் பெறுகிறோம். அதை மிச்சம் என்று சொல்வது, கடன் கொடுத்த பணம் திரும்பி வந்ததை லாபம் என்று சொல்வது போல.

பணக் கணக்கு கொஞ்சம் வேறு. சிங்கப்பூரர்களுக்குத் தொடக்கக் கல்லூரிக் கட்டணம் மாதத்திற்குச் சில பத்து வெள்ளிதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் வெள்ளி. பல்கலைக்கழகத்திலோ மிகக் குறைந்த கட்டணமுள்ள துறைகளிலேயே ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். எனவே பட்டயத்தின் மூன்றாண்டுச் செலவும் பல்கலைக்கழகத்தில் கழியும் ஓராண்டுச் செலவும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. கல்வி அமைச்சின் உதவித்தொகையும் சிண்டாவின் உதவியும் இருக்கின்றன. வீட்டு வருமானம் குறைவு என்பதால் மட்டும் எந்தப் பாதையையும் மனத்திலிருந்து நீக்கிவிட வேண்டாம்.

ஆண்டும் பணமும் ஈடாகிவிட்டால் பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? என் கருத்தில் இரண்டு விஷயங்களை வைத்து.

ஒன்று, எப்படிச் சோதிக்கப்பட விரும்புகிறோம் என்பது. மேல்நிலைத் தேர்வில் இரண்டாண்டுப் படிப்பும் ஆண்டிறுதியில் சில வாரங்களில் வந்து நிற்கிறது. கல்லூரி நடத்தும் தேர்வுகளில் எத்தனை முறை தோற்றாலும் அவை சேர்க்கைப் புள்ளியில் வராது. முதலாண்டில் விழுந்து, இரண்டாம் ஆண்டில் எழுந்து நின்றவர்கள் நம் பேரவையிலேயே உண்டு. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் கணக்கும் எளிதாகியிருக்கிறது. முன்பு 90 புள்ளி. இப்போது மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும் சேர்ந்து 70. நான்காவது பாடம் புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேரும். திட்டப்பணியில் தேர்ச்சி பெற்றால் போதும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கதை நேர்மாறு. முதல் பருவத்தின் முதல் பாடத்திலிருந்து எல்லாம் 4க்கு இத்தனை என்னும் சராசரிப் புள்ளியில் ஏறுகின்றன. ஒரே ஒரு பெரிய தேர்வு என்னும் பயம் இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பும் இல்லை. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2002இல் தொடங்கிய காலம் முதல், ஒரு நாளைக்கு ஒரு சிக்கலைக் குழுவாக எடுத்துத் தீர்க்கும் முறைக்குப் பெயர்பெற்றது. நாள்தோறும் பேச வேண்டும், படைக்க வேண்டும். அது சிலருக்கு வரம். கூச்ச சுபாவமுள்ள சிலருக்குத் தினமும் ஒரு சிறு தண்டனை. நான் முதல் பருவத்தில் விளையாட்டாக இருந்துவிட்டேன். சாதாரண நிலை முடிந்த களைப்பு, புது நண்பர்கள், சீருடை இல்லாத சுதந்திரம்! அந்த ஒரு பருவத்தின் புள்ளியை இழுத்து மேலே கொண்டுவர மீதி ஐந்து பருவங்கள் ஆயின.

இரண்டாவது, துறை. பாட விலக்கு துறை பொருந்தினால்தான் கிடைக்கும் என்றேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் மின்னியல் எடுத்து, இருபது வயதில் பொருளியல் படிக்க ஆசைப்பட்டால், கையில் இருக்கும் பட்டயம் விலக்குப் பெறப் பெரிதாக உதவாது. செலவழித்த ஓராண்டு போனது போனதுதான். மருத்துவத்தில் ஆசை உள்ளவர் எச்2 வேதியியலும், உயிரியல் அல்லது இயற்பியலும் எடுப்பதே நேர்வழி. இன்ன துறைதான் வேண்டும் என்று பதினாறு வயதில் தெரிந்தவர்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி அருமையான இடம். தெரியாதவர்களுக்கு, இரண்டாண்டு யோசிக்க அவகாசம் தரும் இடம் தொடக்கக் கல்லூரி. தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, பெயர் அழகாக இருக்கும் ஒரு பட்டயத்தில் சேர்ந்துவிடுவதுதான் ஆபத்து.

ஐபி என்னும் அனைத்துலகப் பட்டயத்தையும் சிலர் கேட்பார்கள். ஏசிஎஸ் இண்டிபெண்டண்ட் பள்ளியில் 2006 முதல் இருக்கிறது. செயின்ட் ஜோசப்ஸ் கல்வி நிலையமும் கலைப் பள்ளியும் பின்னர் சேர்ந்தன. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி; நாலாயிரம் சொல் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்திற்கும் சேர்த்து 3; மொத்தம் 45. எழுதவும் பரந்து படிக்கவும் பிடித்தவர்களுக்கு ஏற்றது. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு அதன் உயர்நிலைப் பாடங்கள் வரவு பெற்றுத் தரக்கூடும். இங்கே படிப்பவர்களைப் பொறுத்தவரை மேல்நிலைத் தேர்வுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

நம் பெற்றோர் அதிகம் பேசாத ஒரு பாதையையும் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் உயர் நைட்டெக் முடித்தவர்கள், புள்ளி நன்றாக இருந்தால், பலதுறைத் தொழிற்கல்லூரியின் சில பாடத்திட்டங்களில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். முன்பு படித்ததற்கு மதிப்புக் கொடுக்கும் ஏற்பாட்டில் இதுவும் ஒன்று. எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இப்படி ஏறி ஏறிப் போய், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றார். 2009இல் அமைக்கப்பட்டு, 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான அந்தக் கழகம், பட்டயத்தின் மேல் பட்டத்தைக் கட்டுவதையே தன் முக்கியப் பணியாகக் கொண்டு தொடங்கியது.

இனி என் சொந்தக் கதை. எனக்குப் பாட விலக்கு கிடைத்தது. கடிதம் வந்த நாளில் வீட்டில் பாயசம். ஆனால் இரண்டு விஷயங்களை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விலக்குப் பெற்ற பாடங்களில் ஒன்று, அடுத்து வரும் பாடத்திற்கு அடித்தளம். பட்டயத்தில் அதே தலைப்பைப் படித்திருந்தேன் என்பது உண்மைதான். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று நன்றாகத் தெரியும். அதன் பின்னால் உள்ள கணிதம் அரைகுறை. எச்2 கணிதம் படித்து வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த விரிவுரையில் நான் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விடுமுறை முழுவதும் செம்பவாங் நூலகத்தில் உட்கார்ந்து, எனக்கு 'விலக்களிக்கப்பட்ட' பாடத்தைத் தனியாகப் படித்தேன். சன் பிளாசாவின் குளிரூட்டி புண்ணியத்தில் தேறினேன். கட்டணம் மிச்சம், ஆசிரியர் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றொன்று இன்னும் உறுத்துகிறது. கிடைத்த அலகுகளில் ஒரு பகுதி விருப்பப் பாடங்களின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பிற துறைப் பாடம் ஒன்றை ஆசைக்குப் படிக்கப் பல்கலைக்கழகம் ஒதுக்கித் தரும் இடங்கள் அவை. தெற்காசிய வரலாற்றில் ஒரு பாடம் எடுக்கலாம் என்று நான் போய் நின்றபோது, என் விருப்பப் பாட இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்று கணினி சொன்னது. கூடுதலாக எடுக்கலாம்தான், ஆனால் மூன்றாண்டுக்குள் சுருக்கிய அட்டவணையில் அதற்கு மணி நேரம் எங்கே? விலக்கு என்பது சில சமயம் வேண்டாத சுமையிலிருந்து விலக்கு; சில சமயம் வேண்டியதிலிருந்தே விலக்கு. ஏற்றுக்கொள்ளுமுன் எந்த அலகு எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் மலரில் எழுதுவதால் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பதினாறு வயதோடு தமிழ் வகுப்பு முடிந்துவிடுகிறது. தொடக்கக் கல்லூரியில் எச்1 தமிழ் உண்டு. ஆனால் சாதாரண நிலையில் உயர்தமிழில் தேறியவர்களுக்கு அது கட்டாயமில்லை. தமிழில் நன்றாகச் செய்தவருக்குப் பரிசாகத் தமிழிலிருந்தே விலக்கு! அவர்களும் எச்2 நிலையில் 'தமிழ்மொழியும் இலக்கியமும்' எடுத்தால் ஒழியப் பதினாறோடு நிறுத்திவிடுகிறார்கள். என் தங்கை தன் பள்ளியில் உயர்தமிழ் வகுப்பு இல்லாததால், லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்திற்குப் போய் வருகிறாள். மாலையில் செம்பவாங் வந்து சேரும்போது களைத்துப்போயிருப்பாள். இருந்தும் ஒரு நாளும் அந்த வகுப்பைக் குறை சொன்னதில்லை. எச்2 தமிழ் எல்லாத் தொடக்கக் கல்லூரிகளிலும் கிடைக்கும் என்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது. சேருமுன் அந்தந்தக் கல்லூரியிலேயே கேட்க வேண்டும். அவளுக்கு நான் சொன்ன முதல் வேலை அதுதான்.

பிந்தி வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலை என்னும் பெயர்களுக்குப் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ் தேர்வு வருகிறது. 2028ஆம் ஆண்டுச் சேர்க்கையில் தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களே கணக்கில் வரும். எல்லை 20 புள்ளியிலிருந்து 16 ஆகிறது. அண்ணன் அக்காமார் சொல்லும் புள்ளிக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான்.

தேர்வு முடிவு ஜனவரி நடுவில் வரும். பன்னிரண்டு தெரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு வாரம்கூட இருக்காது. அந்த வாரத்தில் யோசிக்கத் தொடங்கினால் அம்மா சொல்வதும், நண்பர்கள் போகுமிடமும்தான் முடிவு செய்யும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வரவேற்பு நாள்கள் அதற்குச் சற்று முன்பாகவே வந்துவிடுகின்றன. தொடக்கக் கல்லூரிகளுடையவை முடிவு வந்த கையோடு. போகும்போது, "இந்தப் பட்டயத்தோடு போனவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடங்களில் விலக்குக் கிடைத்தது?" என்று அங்கிருக்கும் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். விளம்பரத் தாளில் 'ஓராண்டு வரை' என்று இருந்தால் அந்த 'வரை' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

தங்கை இன்னும் முடிவெடுக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் மேல் அவள் ஒட்டிவைத்திருக்கும் தாளில் இப்போதைக்கு ஏழு பெயர்கள் இருக்கின்றன, நான்கு யீஷூன் திசையில், மூன்று உட்லண்ட்ஸ் திசையில். அம்மா தினமும் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பால் எடுக்கிறார்.